எதிரணியும் ஏலம் கேட்கும்போது: பிரிட்ஜ் பழகுவோருக்கு ஏலத்திலிருந்து தடுப்பாட்டம் வரை ஒரு செய்முறை விளக்கம்

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மாடிக்குச் சனிக்கிழமை பிற்பகல்களில் பிரிட்ஜ் பழக வருகிறவர்கள், ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 என்று கையிலுள்ள புள்ளிகளைக் கூட்டவும், 12 அல்லது 13 புள்ளிகள் சேர்ந்தால் ஏலத்தைத் தொடங்கவும் இரண்டு மூன்று வாரங்களிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். எதிரணி பாஸ் சொல்லிக்கொண்டிருக்கும் வரையில் அவர்களுடைய ஏலம் ஒழுங்காகவே செல்கிறது. எதிரணியும் கேட்கத் தொடங்கியதும் சிலர் அஞ்சி ஒதுங்கிவிடுகிறார்கள். வேறு சிலர், விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற வேகத்தில், தாங்க முடியாத உயரத்துக்கு ஏறிவிடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் எண்ணிப் பார்த்து முடிவெடுக்கும் வழி ஒன்று உண்டு. அதையும், ஏலத்தில் காதில் விழுந்த செய்திகளையே பின்னர் தடுப்பாட்டத்தில் பயன்படுத்தும் முறையையும், ஒரே ஆட்டத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாக இங்கே விளக்குகிறேன்.

சீட்டு வகைகளுக்கு நம் வீடுகளில் வழங்கும் இஸ்பேட், ஆர்ட்டின், டைமன், கிளாவர் என்ற பெயர்களையே பயன்படுத்துகிறேன். ஏலத்தில் கிளாவர் எல்லாவற்றிலும் கீழே. அதற்கு மேலே டைமன், ஆர்ட்டின், இஸ்பேட் என்ற வரிசை. துருப்பில்லாத நோ டிரம்ப் எல்லாவற்றுக்கும் மேலே. இருபத்தெட்டு ஆடிப் பழகியவர்களுக்குப் பார்ட்னரும் துருப்பும் ஏலமும் புதியவை அல்ல. ஆனால் அந்த ஆட்டத்தில் ஜாக்கும் ஒன்பதும்தாம் பெரியவை என்ற பழக்கத்தை மட்டும் இங்கே விட்டுவிட வேண்டும்.

முதற்படி: எதற்காகப் போட்டியிடுகிறோம் என்பதை மதிப்பெண்ணில் பாருங்கள்

போட்டிகளில் ஆடப்படும் டூப்ளிகேட் முறையில், ஒரே சீட்டுப் பகிர்வு எல்லா மேசைகளுக்கும் செல்கிறது. உங்கள் கைச்சீட்டுகளையே வேறு மேசைகளில் பிடித்தவர்கள் எடுத்த மதிப்பெண்ணோடு உங்கள் மதிப்பெண் ஒப்பிடப்படுகிறது. ஆகையால் நல்ல சீட்டு வந்ததா என்பது பெரிதில்லை, வந்த சீட்டைக் கொண்டு மற்றவர்களைவிட நன்றாகச் செய்தோமா என்பதுதான் கேள்வி. சீட்டாட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு இதை நான் எப்போதும் பொறுமையாக எடுத்துச் சொல்வேன். 2018-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் இடம்பெற்றது; ஆண்கள் இணைப் பிரிவில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வென்றார்கள். அப்போது ஒருவருக்கு வயது 60, மற்றவருக்கு 56.

இரு அணிகளும் வல்னரபிள் (தோற்றால் இழப்பு கூடும் என்று அந்த ஆட்டத்துக்கு முன்பே குறிக்கப்பட்ட நிலை) அல்லாத நிலையை எடுத்துக்கொள்வோம். ஏலத்தில் கேட்கும் எண்ணோடு ஆறைக் கூட்டினால் வருவதுதான் எடுக்க வேண்டிய டிரிக்குகள்; நால்வரும் ஒவ்வொரு சீட்டுப் போடும் ஒரு சுற்றே, அதாவது ஒரு பிடியே, டிரிக். எதிரணி 2 ஆர்ட்டின் கேட்டு, சரியாக 8 டிரிக் எடுத்தால், டிரிக்குகளுக்கு 60, அதனுடன் 50 சேர்த்து 110 மதிப்பெண் பெறும். நாம் 2 இஸ்பேட் கேட்டு 8 டிரிக் எடுத்தால் அதே 110 நமக்கு. நாம் ஒரு டிரிக் குறைந்து தோற்றால் நமக்கு இழப்பு 50. இரண்டு குறைந்தால் 100. எதிரணிக்கு 110 கொடுப்பதைவிட 50 அல்லது 100 இழப்பது மலிவு என்பதால்தான், வெல்ல முடியாத கான்ட்ராக்டையும் (ஏலத்தில் ஒப்புக்கொள்ளும் டிரிக் கணக்கையும்) சில சமயம் தெரிந்தே கேட்கிறோம். அதைவிடப் பெரிய ஆதாயம் ஒன்றும் உண்டு: நம் குறுக்கீட்டால் எதிரணி 2-இலிருந்து 3-க்கு ஏறினால், அவர்கள் இப்போது 9 டிரிக் எடுத்தாக வேண்டும்.

நாம் வல்னரபிளாக இருக்கும்போது கணக்கு மாறுகிறது. அப்போது குறையும் ஒவ்வொரு டிரிக்குக்கும் 100 போகும். இரண்டு குறைந்தால் 200. எதிரணியின் சிறிய கான்ட்ராக்டுகள் பொதுவாக 110 அல்லது 140 தருபவை. ஆகவே 200 கொடுத்தவர் ஏறக்குறைய எல்லா மேசைகளையும்விடக் கீழே போய்விடுவார். நம்மால் முடியாது என்று எதிரணி டபுள் சொல்லிப் பந்தயத்தை உயர்த்தியிருந்தால், வல்னரபிள் நிலையில் ஒரு டிரிக் குறைவதே 200, இரண்டு குறைந்தால் 500. கைச்சீட்டுகளை மேசைக்கு மேசை எடுத்துச்செல்லும் தட்டான போர்டில், வல்னரபிளைக் குறிக்கும் சிவப்பு நிறம் உங்கள் பக்கம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏலச் சீட்டின் மீது கை வையுங்கள்.

இரண்டாம் படி: ஓவர்கால்

எதிரணி ஏலத்தைத் தொடங்கிய பின் நாம் ஒரு வகையைக் கேட்பது ஓவர்கால். அதற்கு முதல் தேவை ஐந்து சீட்டாவது உள்ள, பெரிய சீட்டுகள் நிறைந்த ஒரு வகை. முதல் நிலையில், அதாவது 1 என்று, கேட்க ஏறத்தாழ 8 முதல் 16 புள்ளிகள் போதும். இரண்டாம் நிலையில் கேட்க வேண்டுமானால், தொடங்கும் கைக்கு நிகரான வலுவும், முடிந்தால் ஆறு சீட்டும் இருப்பது நல்லது. புள்ளிகளைவிட வகையின் தரத்தையே நான் பெரிதாகக் கருதுகிறேன். இஸ்பேட்டில் ஜாக், 8, 6, 4, 2 வைத்துக்கொண்டு, மற்ற வகைகளில் 12 புள்ளி இருக்கிறது என்பதற்காக 1 இஸ்பேட் கேட்பவர், தம் பார்ட்னரைத் தவறான வகையை இறக்கச் சொல்கிறார். ஏனெனில் எதிரணி ஆடும் நிலை வந்தால், பார்ட்னர் அந்த ஓவர்காலை நம்பித்தான் முதல் சீட்டை இறக்குவார்.

பார்ட்னர் ஓவர்கால் கேட்டிருக்கும்போது, உங்களிடம் அந்த வகையில் மூன்று சீட்டும் 6 முதல் 9 புள்ளியும் இருந்தால், தயங்காமல் ஒரு படி உயர்த்துங்கள். சொந்தமாக ஓர் அழகான கிளாவர் வரிசை இருக்கிறதே என்று அதைக் காட்டப் போக வேண்டாம். பொருத்தம் கிடைத்துவிட்டது என்ற செய்திதான் போட்டி ஏலத்தில் விலை உயர்ந்த செய்தி. நான்கு சீட்டு இருந்து புள்ளிகள் குறைவாக இருந்தால், நேரடியாக மூன்றாம் நிலைக்கு உயர்த்தலாம். அதன் காரணம் நான்காம் படியில் தெரியவரும். 10 புள்ளிக்கு மேல் இருந்தால், எதிரணியின் வகையையே ஒரு படி உயரத்தில் கேட்டு, தரமான ஆதரவு இருப்பதைத் தெரிவிப்பது இன்று பரவலாக உள்ள வழக்கம்.

மூன்றாம் படி: டேக்-அவுட் டபுள்

நல்ல ஐந்து சீட்டு வகை இல்லை, ஆனால் தொடங்கும் வலு இருக்கிறது, எதிரணியின் வகையில் சீட்டு குறைவு என்றால், டபுள் சொல்ல வேண்டும். எடுத்துக்காட்டாக, எதிரணி 1 ஆர்ட்டின் தொடங்கியபோது உங்கள் கை இப்படி இருக்கிறது:

இஸ்பேட்: ராஜா, 10, 7, 3
ஆர்ட்டின்: 4
டைமன்: ஏஸ், ஜாக், 8, 5
கிளாவர்: ராஜா, ராணி, 9, 2

இந்த 13 புள்ளிக் கையில் மீதி மூன்று வகைகளில் எதைப் பார்ட்னர் கேட்டாலும் நமக்குச் சம்மதம். ஏலச் சீட்டுகள் அடங்கிய பிடிங் பாக்ஸிலிருந்து சிவப்பு டபுள் சீட்டை எடுத்து வைப்பதன் பொருள், “உங்களுடைய சிறந்த வகையைச் சொல்லுங்கள்” என்று பார்ட்னரைக் கேட்பதே தவிர, எதிரணியைத் தண்டிப்பது அன்று.

இதைப் பெறும் பார்ட்னர் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். இடையில் எதிரணி எதையும் கேட்காமல் பாஸ் சொல்லியிருந்தால், உங்களிடம் ஒரு புள்ளிகூட இல்லாவிட்டாலும் நீங்கள் ஏதாவது ஒரு வகையைக் கேட்டே ஆக வேண்டும். 8 புள்ளி வரை மிகக் குறைந்த நிலையில் கேளுங்கள். 9 முதல் 11 வரை ஒரு படி தாண்டிக் கேளுங்கள். நான் பழகத் தொடங்கிய புதிதில், 3 புள்ளியும் மூன்று சிறிய ஆர்ட்டின்களும் உள்ள கையோடு, பார்ட்னரின் இத்தகைய டபுளைப் பயத்தில் பாஸ் செய்துவிட்டேன். எதிரணி 1 ஆர்ட்டினை டபுளோடு ஆடி 9 டிரிக் எடுத்தது. 160-உடன், கூடுதல் இரண்டு டிரிக்குக்குத் தலா 100 சேர்ந்து 360 மதிப்பெண் போயிற்று. பார்ட்னராக இருந்த மாமி ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அடுத்த போர்டு முடிந்த பிறகு, “கையில ஒண்ணும் இல்லைன்னாதான் நீங்க கட்டாயம் பேசணும்” என்று மட்டும் சொன்னார். இந்த விதியை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான்காம் படி: இரு பக்கத் துருப்புகளையும் எண்ணுங்கள்

இந்த விளக்கத்தின் நடுக்கூறு இதுதான். எதுவரை ஏறலாம் என்பதைப் புள்ளிகளைவிடத் துருப்புகளின் எண்ணிக்கையே நன்றாகச் சொல்கிறது. பிரான்சைச் சேர்ந்த ழான்-ரெனே வெர்ன் 1969-இல் எழுதிய கட்டுரை ஒன்றின் மூலம் இந்தக் கருத்து பிரிட்ஜ் உலகத்தின் கவனத்துக்கு வந்தது. இரு அணிகளும் தத்தமக்கு மிக நீளமாகப் பொருந்தும் வகையைத் துருப்பாக்கி ஆடினால், இரு அணிகளும் எடுக்கக்கூடிய டிரிக்குகளின் கூட்டுத்தொகை, இரு பக்கத் துருப்புகளின் கூட்டுத்தொகைக்கு ஏறத்தாழச் சமமாக இருக்கும் என்பதே அது. எதிரணியிடம் 8 ஆர்ட்டின், நம்மிடம் 8 இஸ்பேட் என்றால், மொத்த டிரிக்குகள் ஏறத்தாழ 16. இது ஒவ்வோர் ஆட்டத்திலும் எழுத்துப் பிசகாமல் நடப்பதில்லை. ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். ஆனாலும் மேசையில் அமர்ந்து, அரை நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டியவருக்கு, இதைவிட நம்பகமான அளவுகோல் எனக்குத் தெரிந்து இல்லை.

புள்ளிகள் ஏன் இதைச் சொல்வதில்லை என்பதைச் சற்று யோசித்தால் கருத்து மனத்தில் பதியும். கிளாவர் ராஜா நமக்குச் சாதகமான பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நமக்கு ஒரு டிரிக் கூடும். அதே காரணத்தால் எதிரணிக்கு ஒன்று குறையும். மறுபக்கம் இருந்தால் நேர்மாறாகும். ஆகவே கூட்டுத்தொகை பெரும்பாலும் மாறுவதில்லை. எந்தப் பக்கம் எவ்வளவு என்பதுதான் மாறுகிறது. இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை விதி எளிமையானது: நம் இருவரிடமும் சேர்த்து 8 துருப்பு இருந்தால் 8 டிரிக்குக்குரிய இரண்டாம் நிலை வரையும், 9 துருப்பு இருந்தால் மூன்றாம் நிலை வரையும் போட்டியிடலாம். பார்ட்னரின் ஐந்து சீட்டு ஓவர்காலை நான்கு சீட்டோடு ஆதரிப்பவர் மூன்றாம் நிலைக்கு ஏறலாம் என்று மேலே சொன்னது இதனால்தான்.

இதே எண்ணிக்கை இன்னொரு பழக்கத்தையும் தருகிறது. எதிரணி 1 ஆர்ட்டின், 2 ஆர்ட்டின் என்று பொருத்தம் கண்டு அங்கேயே நின்றுவிட்டு, கடைசி பாஸ் உங்கள் கைக்கு வந்தால், அப்படியே விட்டுவிடாதீர்கள். அவர்களுக்குப் பொருத்தம் உண்டென்றால் நமக்கும் எங்காவது பொருத்தம் இருக்கும். அவர்கள் நின்றுவிட்டதால் மீதிப் புள்ளிகள் பார்ட்னரிடம் இருக்கும்.

ஐந்தாம் படி: ஒரே ஆட்டத்தில் எல்லாவற்றையும் செய்து பாருங்கள்

நீங்கள் மேற்கில் அமர்ந்திருக்கிறீர்கள். யாரும் வல்னரபிள் இல்லை. உங்கள் கை இது:

இஸ்பேட்: ஏஸ், ராஜா, ஜாக், 8, 5
ஆர்ட்டின்: 8, 5
டைமன்: 9, 6, 2
கிளாவர்: ஏஸ், 8, 7

தெற்கு 1 ஆர்ட்டின் என்று தொடங்குகிறார். 12 புள்ளியும் தரமான ஐந்து இஸ்பேட்டும் இருப்பதால், நீங்கள் 1 இஸ்பேட் கேட்கிறீர்கள். வடக்கு 2 ஆர்ட்டின், உங்கள் பார்ட்னரான கிழக்கு 2 இஸ்பேட், தெற்கு 3 ஆர்ட்டின். இப்போது முடிவு உங்களுடையது: பாஸ், 3 இஸ்பேட், டபுள் ஆகிய மூன்றில் எது?

பழகுநர்களில் பெரும்பாலோர் இந்தக் கையோடு 3 இஸ்பேட் கேட்டுவிடுகிறார்கள். கை அழகாக இருப்பது உண்மைதான். ஆனால் அந்த அழகை நீங்கள் முதல் ஓவர்காலிலேயே பார்ட்னருக்குச் சொல்லிவிட்டீர்கள். அதன் பிறகு உங்கள் கையில் புதிதாக எதுவும் சேரவில்லை. துருப்பை எண்ணுங்கள்: உங்களிடம் 5, பார்ட்னர் இரண்டாம் நிலைக்கு மட்டுமே உயர்த்தியதால் அவரிடம் 3, மொத்தம் 8. எதிரணியிடம் 8 ஆர்ட்டின் என்று வைத்தால் மொத்த டிரிக்குகள் 16. அவர்களுக்கு 8 என்றால் நமக்கு 8. அப்போது நாம் 3 இஸ்பேட் கேட்டால், நமக்கு வரவேண்டிய 50-ஐ விட்டுவிட்டு நாமே 50 கொடுக்கிறோம். அவர்களுக்கு 9 என்றால் நமக்கு 7தான். டபுள் விழுந்தால் 300 போகும். இரண்டு வழியிலும் நமக்கு ஆதாயம் இல்லாததால் 3 இஸ்பேட் கூடாது.

டபுளும் கூடாது. ஒரு டிரிக் குறைந்தால் நமக்கு 50-க்குப் பதில் 100 கிடைக்கும் என்பது சரியே. ஆனால் அவர்கள் 9 டிரிக் எடுத்துவிட்டால், டிரிக்குகளின் மதிப்பு இரட்டித்து 180 ஆகி, அதுவே கேம் (டிரிக் மதிப்பு 100-ஐ எட்டிப் பெரிய பரிசு தரும் கான்ட்ராக்ட்) ஆகி, 300-உம் 50-உம் சேர்ந்து 530 போய்விடும். ஆர்ட்டினில் உங்களிடம் 8-உம் 5-உம்தான் இருக்கின்றன. துருப்பில் நிச்சயமான டிரிக் இல்லாதவர், கேம் அளவுக்கு எட்டாத கான்ட்ராக்டை டபுள் செய்து கேம் ஆக்கிக் கொடுக்கக் கூடாது.

எனவே பாஸ். நம் வேலை ஏற்கெனவே முடிந்தது: இரண்டில் சௌகரியமாக நின்றிருக்க வேண்டியவர்களை மூன்றுக்கு ஏற்றிவிட்டோம். பாஸ் சீட்டை வழக்கமான வேகத்தில் வையுங்கள். ஒரு நிமிடம் கூரையைப் பார்த்து யோசித்துவிட்டுப் பாஸ் சொன்னால், உங்கள் கையில் ஏதோ கூடுதலாக இருக்கிறது என்ற செய்தி மேசை முழுவதற்கும் போய்விடுகிறது. அந்தச் செய்தியைப் பார்ட்னர் பயன்படுத்துவது விதிக்குப் புறம்பு. எனவே எதிரணி மூன்றுக்கு ஏறினால் என்ன செய்வேன் என்பதை, 1 இஸ்பேட் சொன்ன கையோடு முன்னதாகவே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆறாம் படி: ஏலத்தில் கேட்டதைத் தடுப்பில் செலவிடுங்கள்

தெற்கு 3 ஆர்ட்டின் ஆடுகிறார். முதல் சீட்டு உங்களுடையது. ஏஸும் ராஜாவும் சேர்ந்திருக்கும் வகையைவிட நல்ல தொடக்கம் கிடையாது. இஸ்பேட் ஏஸை இறக்குகிறீர்கள். ஆடுபவரின் பார்ட்னர் தம் கையைத் திறந்து வைத்துவிடுவார்; அந்தக் கைதான் டம்மி. அப்படி டம்மியாக வடக்கின் கை மேசையில் விரிகிறது:

இஸ்பேட்: ராணி, 6, 4
ஆர்ட்டின்: ராணி, 7, 4
டைமன்: ராஜா, 8, 5
கிளாவர்: 9, 6, 5, 3

டம்மி 4-ஐயும், பார்ட்னர் 3-ஐயும், தெற்கு 2-ஐயும் போடுகிறார்கள். பார்ட்னரின் தாழ்ந்த சீட்டு, இந்த வகையில் தமக்கு உதவி எதுவும் இல்லை என்று சொல்கிறது.

இங்கே சீட்டைத் தொடாமல் எண்ணத் தொடங்குங்கள். கான்ட்ராக்டைத் தோற்கடிக்க 5 டிரிக் வேண்டும். முதலாவது கிடைத்துவிட்டது. இஸ்பேட் ராஜா நடக்குமா, தெற்கு வெட்டிவிடுவாரா? உங்களிடம் 5, டம்மியில் 3, பார்ட்னரிடம் 3; ஆகவே தெற்கிடம் 2. பார்ட்னரிடம் 4 இருந்திருந்தால் அவர் 3 இஸ்பேட் கேட்டிருப்பார் என்பது, நீங்கள் இருவரும் துருப்பை எண்ணி ஏலம் கேட்பவர்கள் என்பதால் கிடைக்கும் உறுதி. ராஜா நடக்கும். கிளாவர் ஏஸோடு மூன்று டிரிக். இன்னும் இரண்டு எங்கிருந்து வரும்?

அடுத்தது புள்ளிகள். உங்களிடம் 12, டம்மியில் 7, மீதி 21. அவை ஆர்ட்டினில் ஏஸ், ராஜா, ஜாக். டைமனில் ஏஸ், ராணி, ஜாக். கிளாவரில் ராஜா, ராணி, ஜாக். ஐந்து ஆர்ட்டினோடு தொடங்கிய தெற்கிடம் அந்த வகையின் 8 புள்ளிகளும் இருப்பதாகக் கொள்ளலாம். பார்ட்னர் உயர்த்தியதால் அவரிடம் குறைந்தது 6 உண்டு. அவை டைமனிலும் கிளாவரிலுமே இருக்க வேண்டும்.

டம்மியின் இஸ்பேட் ராணியையும் கவனியுங்கள். ஏஸும் ராஜாவும் போன பிறகு அது வெற்றிச் சீட்டாகிவிடும். தெற்கு துருப்பை இழுத்து, ஆர்ட்டின் ராணியின் வழியாக டம்மிக்குச் சென்று, இஸ்பேட் ராணியின் மேல் தமக்கு வேண்டாத ஒரு சீட்டைத் தள்ளிவிடுவார். எனவே பொறுத்திருக்க நேரமில்லை. நம் டிரிக்குகளை இப்போதே எடுத்தாக வேண்டும். டைமனா, கிளாவரா என்பதுதான் கேள்வி.

இஸ்பேட் ராஜாவை எடுங்கள். தெற்கு 7 போடுகிறார். பார்ட்னரிடம் மிஞ்சியிருப்பவை 10, 9. அவற்றில் எதைப் போட்டாலும் டிரிக்கில் மாற்றமில்லை. அதனால்தான் அவர் எதைப் போடுகிறார் என்பது செய்தியாகிறது. உயர்ந்த சீட்டைப் போட்டால் மீதி இரண்டு வகைகளில் உயர்ந்ததையும், தாழ்ந்த சீட்டைப் போட்டால் தாழ்ந்ததையும் கேட்கிறார் என்பது, ஹை லாவின்தால் என்ற அமெரிக்கர் 1930-களில் பரப்பிய முறை. துருப்பை விட்டுவிட்டால் மிஞ்சுபவை டைமனும் கிளாவரும். பார்ட்னர் 10-ஐப் போடுகிறார். டைமன் வேண்டும் என்கிறார்.

நீங்கள் டைமன் 9-ஐ இறக்குகிறீர்கள். டம்மியின் ராஜாவைக் கடந்து செல்லும் அந்தச் சீட்டைப் பார்ட்னர் ஏஸால் பிடித்து, கிளாவர் ராணியை இறக்குகிறார். தெற்கிடம் இருப்பவை ராஜாவும் 4-உம். ராஜாவைப் போட்டால் உங்கள் ஏஸ் பிடிக்கிறது; அடுத்த கிளாவரைப் பார்ட்னரின் ஜாக் எடுக்கிறது. 4-ஐப் போட்டாலும் அடுத்த சுற்றில் ராஜா உங்கள் ஏஸில் விழுகிறது. இஸ்பேட் இரண்டு, டைமன் ஒன்று, கிளாவர் இரண்டு, ஆக ஐந்து. நமக்கு 50 மதிப்பெண்.

முழுப் பகிர்வில் மற்ற இரு கைகள் இவை.

கிழக்கு:
இஸ்பேட்: 10, 9, 3
ஆர்ட்டின்: 10, 6, 3
டைமன்: ஏஸ், 10, 4
கிளாவர்: ராணி, ஜாக், 10, 2

தெற்கு:
இஸ்பேட்: 7, 2
ஆர்ட்டின்: ஏஸ், ராஜா, ஜாக், 9, 2
டைமன்: ராணி, ஜாக், 7, 3
கிளாவர்: ராஜா, 4

மேற்கு வேறு வழியில் சென்றால் என்ன நடக்கும் என்பதையும் பாருங்கள். பதற்றத்தில் கிளாவர் ஏஸை எடுத்தால், தெற்கின் கிளாவர் ராஜா வெற்றிச் சீட்டாகி, நமக்கு நான்கு டிரிக்தான் கிடைக்கும். ஏஸ் என்பது எதிரணியின் ராஜாவைப் பிடிப்பதற்காகக் காத்திருக்க வேண்டிய சீட்டு. மூன்றாவதாக ஓர் இஸ்பேட்டை இறக்கினாலும், பாதுகாப்பு என்று எண்ணித் துருப்பை இறக்கினாலும், இஸ்பேட் ராணியின் மேல் கிளாவர் 4 போய்விடும். பிறகு கிளாவரில் நமக்கு ஒரே டிரிக். தெற்கு 9 டிரிக்கோடு 140 மதிப்பெண் பெற்றுவிடுவார்.

நான்கு கைகளையும் திறந்து வைத்து, நாம் இஸ்பேட்டைத் துருப்பாக்கி ஆடியிருந்தால் எத்தனை டிரிக் என்பதையும் எண்ணிப் பாருங்கள். இஸ்பேட்டில் ஒன்று, ஆர்ட்டினில் இரண்டு, டைமனில் இரண்டு போகும். கிளாவர் ராஜா தெற்கிடம் சிக்கிக்கொள்வதால் கிளாவரில் ஒன்றும் போகாது. நமக்கு 8. ஆர்ட்டினில் அவர்களுக்கும், சரியாகத் தடுத்தால், 8. துருப்புகளின் கூட்டுத்தொகையும் 16, டிரிக்குகளின் கூட்டுத்தொகையும் 16. பார்ட்னர் 2 இஸ்பேட் கேட்கத் தயங்கியிருந்தால், அவர்கள் 2 ஆர்ட்டினில் நின்று 110 பெற்றிருப்பார்கள்.

ஏழாம் படி: பார்ட்னர் போடும் ஒரு சீட்டு மாறினால் என்ன ஆகும் என்று பாருங்கள்

இந்தப் படியை வாசிப்பதோடு விட்டுவிடாமல், வீட்டிலிருக்கும் ஒரு சீட்டுக்கட்டைப் பிரித்து மேசையில் பரப்பிச் செய்யுங்கள். உங்கள் கையையும், டம்மியையும், ஏலத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, தெற்கு, கிழக்கு ஆகியோரின் டைமனையும் கிளாவரையும் மட்டும் மாற்றுங்கள். தெற்கிடம் டைமனில் ஏஸ், ராணி, 10. கிளாவரில் 10, 4, 2. கிழக்கிடம் டைமனில் ஜாக், 7, 4, 3. கிளாவரில் ராஜா, ராணி, ஜாக். தெற்கிடம் இப்போதும் 14 புள்ளி, பார்ட்னரிடம் இப்போதும் 7.

இஸ்பேட் ஏஸுக்குப் பார்ட்னர் முன்போலவே 3 போடுகிறார். எண்ணிக்கைகள் எல்லாம் முன்புபோலவே வருகின்றன. இஸ்பேட் ராஜாவுக்கு இம்முறை அவர் 9-ஐப் போடுகிறார். முன்பு வென்றதே என்று டைமனுக்குத் திரும்பினால், தெற்கு அதைப் பிடித்து, துருப்பை இழுத்து, இஸ்பேட் ராணியின் மேல் ஒரு கிளாவரைத் தள்ளி 9 டிரிக் எடுத்துவிடுவார். 9 என்பது கிளாவரைக் கேட்கும் சீட்டு. கிளாவர் ஏஸை எடுத்து, அடுத்து 8-ஐ இறக்குங்கள். பார்ட்னரின் ராணியும் ராஜாவும் மீதி இரண்டு டிரிக்குகளையும் எடுத்துக்கொள்ளும்.